இனிப்பு என்று எழுதியவர்கள்

ஆய்வகத்திலிருந்த உறிஞ்சும் பம்புக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தவளே அக்காதான். மருந்துத் தூள் அடைத்த கேப்ஸ்யூலை இன்ஹேலரில் போட்டு, பயில்வானின் வாயில் பொருத்தி, சுவிட்சைத் தட்டினால் ஒரே இழுப்பு. கேப்ஸ்யூல் துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிடும். ஆறு வருஷம் மாங்கு மாங்கென்று உழைத்து அவள் செய்த தூள். ஒவ்வொரு சோதனையிலும் பயில்வான் அதை பாஸ் போட்டான். அவனுக்கென்ன, சளியா இருமலா? நல்ல திடகாத்திரமான ஆளின் மூச்சளவுக்கு அவனைத் திருகி வைத்திருந்தார்கள்.

தம்பிக்கு இரண்டும் இருந்தன. நுரையீரலின் அடியில் சளி தேங்கிப் புண்ணாகிவிட்டது. ஊசியில் ஏற்றிய மருந்து எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சோடு உள்ளே போகிற தூளைத்தான் இனி நம்ப வேண்டும் என்று மருத்துவமனை டாக்டரம்மா சொன்னார். தன் தூளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற பரிசோதனையில் சேரச் சொல்லி அக்கா தம்பியைக் கெஞ்சினாள்.

"உன் சமையலையே சாப்பிட்டுப் பொழச்சவன் நான். இதெல்லாம் என்னக்கா பிரமாதம்?" என்று அவன் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினான்.

முதல் வாரமே போன் செய்தான். "அக்கா, மருந்து லேசா இனிக்குதே!"

"பால் சர்க்கரைடா. தூள் ஒட்டிக்காம இருக்கறதுக்குக் கலக்கறது. கசந்தா நீ துப்பிட மாட்டே?"

இதில் அவளுக்குப் பெருமை வேறு. அறுபது நோயாளிகளில் பன்னிரண்டு பேர், பரிசோதனைப் படிவத்தில் சுவை என்ற கட்டத்தில் 'இனிப்பு' என்று எழுதியிருந்தார்கள். இடைக்கால அறிக்கையில் அதை மருந்தின் நல்ல அம்சங்களில் ஒன்றாகச் சேர்த்தாள்.

இரண்டாம் மாதம் தம்பியின் குரல் தேய்ந்திருந்தது. "உன் பயில்வான் மாதிரி என்னால இழுக்க முடியலக்கா."

"சாக்கு சொல்லாதடா சோம்பேறி. நல்லா இழு."

அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது? மூன்றாம் மாதம் அவன் போய்விட்டான். முப்பத்து நாலு வயசு. மருந்து கேட்கவில்லை, விதி என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். மூன்று மாதமாக நோயாளிகள் பயன்படுத்தி முடித்த கேப்ஸ்யூல்கள் முதல் தடவையாகப் பை பையாக வந்து மேஜையில் காத்திருந்தன. பையில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுத வேண்டும். மூன்றாவது பையைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதிலிருந்த கேப்ஸ்யூல் ஒவ்வொன்றிலும் நீலப் பேனாவில் குட்டியாய் மீசை.

பள்ளிக்கூட நாளில் அவளுடைய பாடப் புத்தகத்தில் ஒரு படத்தையும் விட்டுவைக்காமல் மீசை வரைந்த கை அது. படுபாவி, மூச்சு முட்டுகிற நேரத்திலும் இந்தச் சேட்டையா!

முதல் மீசையைத் தராசில் வைத்தாள். இருபது மில்லிகிராம் தூளில் பதின்மூன்று உள்ளேயே இருந்தது. தராசுதான் கெட்டுப்போச்சு என்று திட்டினாள். அடுத்தது பதினாலு. அதற்கடுத்தது பதினைந்து. நாளாக ஆக அவன் மூச்சு இறங்கியது எண்ணிலேயே தெரிந்தது.

இழுத்த கொஞ்சம் மட்டும் எங்கே போனது? நாக்குக்குத்தான். நெஞ்சுக்குள் போய்ச் சேருகிற தூளுக்கு ருசி ஏது? இனிக்கிறது என்றால் மருந்து வாயோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆய்வகத்தில் புதிதாய் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தம்பி முதல் வாரமே சொன்னான். அவள் கேலி பேசினாள்.

தரையில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இனிப்புன்னு எழுதினவங்க எல்லாரையும் இன்னைக்கே கூப்பிடுங்க டாக்டர். அவங்களுக்கு மருந்து உள்ள போகல. இழுக்கற தெம்பு அவங்களுக்கு இல்ல. தப்பு என்னோடது. அவங்களுக்கு வேற வழி பாக்கணும்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இருங்கம்மா, எண்ணிப் பாக்கறேன். மொத்தம் பன்னெண்டு பேர்."

"இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "பதினொண்ணு."