பெட்டியைத் திறக்கிற நேரம்

"பூட்டு யாரையும் தடுக்காதுங்க. கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதுக்குள்ள வந்தவனுக்கு அலுத்துப்போகணும், இல்லாட்டி யாராவது பார்த்துடணும்."

கடைக்கு வருகிறவர்களிடம் பூட்டுக்காரர் இப்படி உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார். பக்கத்தில் சாவி வெட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "இவர் பேச்சைக் கேட்டுட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிடாதீங்க சார். பெரிய பூட்டா ஒண்ணு எடுத்துக்கோங்க" என்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே சாவியம்மாதான்.

வாடிக்கையாளர்களிடம் மட்டும் பேசுகிற வாய் அது. கணவனிடம், "ரெண்டு சாவியா, மூணா?" "கடையை எடுத்து வைக்கலாமா?" என்பதோடு சரி. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. குழந்தை இல்லை, அதைப் பற்றிய பேச்சும் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஒரே பட்டறையில், ஒரே வீட்டில், எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் இருவரும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேல் தட்டிலிருந்து பித்தளைப் பெட்டியை இறக்கப் போய், ஏணி சறுக்கி, சாவியம்மா இடுப்பு அடிபட விழுந்தாள். ஆபரேஷன் ஆயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை.

இந்தப் பழக்கம் மனக்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு வேலை செய்கிற விதமே அப்படி. வலியைத் தணிக்கிற சரக்கு நமக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருக்கிறது. வெயிலில் வந்து தண்ணீர் குடிக்கிற சுகம், பிடித்தவர் கதவைத் தட்டும்போது வருகிற சின்னத் துள்ளல் எல்லாவற்றிலும் அந்தச் சரக்குக்குப் பங்கு உண்டு. அதே வேலையைச் செய்கிற சரக்கு வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால், உள்ளே இருக்கிற சின்னப் பட்டறை 'இனி நமக்கென்ன வேலை' என்று கதவைச் சாத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. எலும்பு குடையும், தூக்கம் போகும், குடிக்கிற தண்ணீர்கூட மண்ணாக இருக்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், பட்டறை ஒவ்வொரு கதவாகத் திறந்துகொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா இதைப் படம் போட்டு விளக்கியபோது பூட்டுக்காரர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரை உங்க கையில இருக்கட்டும். காலையில ஒரு வேளை. நீங்க எடுத்துக் கொடுக்கணும், அவங்க முழுங்குறதைப் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கே சாவியம்மா வீட்டில் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக் கொட்டினாள். தலையணை உறைக்குள் இருந்து, மாவு டப்பாவின் அடியிலிருந்து, பழைய கைப்பையின் கிழிந்த உள்துணியிலிருந்து அட்டை அட்டையாக வந்தது. அவளுடைய அக்கா கூடவே நின்று பார்த்தாள்.

"அடிப்பாவி, மருந்துக்கடையே வச்சிருக்க!" என்றாள் அக்கா. பிறகு இவரிடம், "மாப்பிள்ளை, இதையெல்லாம் கொண்டுபோய்த் தொலைச்சிடுங்க, என்ன?" என்றாள்.

"நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்றார்.

தொலைக்கவில்லை. இரும்புப் பெட்டி ஒன்று செய்து, அதற்குள் போட்டுப் பூட்டினார். வேறு யாராக இருந்தாலும் வீசி எறிந்திருப்பார்கள். பூட்டுக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. ஒரு பொருளைப் பூட்டிவிட்டால் அது இந்த உலகத்திலேயே இல்லை என்பது அவர் கைகளில் ஊறிப்போன கணக்கு. எந்தப் பூட்டும் சாவி வைத்திருப்பவனை மட்டும் தடுக்காது என்பதை அவர் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை, தனக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் பூட்டுக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாதாரணப் பூட்டின் உருளைக்குள் வரிசையாக ஊசிகள் இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக. சரியான சாவி நுழைந்தால் எல்லா ஊசிகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுற்றும். சாவி இல்லாதவர் மெல்லிய கம்பியை விட்டு ஒவ்வொரு ஊசியாகத் தூக்கி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் காதும் விரல்நுனியும் வேண்டும், சாவியம்மாவுக்கு இரண்டுமே அவரைவிடக் கூர்மை. அதனால் ஊசிகளின் இடுப்பை அரத்தால் ராவி ஒல்லியாக்கினார். அப்படி ராவிய ஊசியைக் கம்பியால் தூக்கினால் உருளை லேசாகத் திரும்பும், திறந்தேவிட்டது என்று கை நம்பிவிடும். ஆனால் ஊசி இடுப்பில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

முதல் வாரத்திலேயே அவள் முயன்று பார்த்துவிட்டு, தானே வந்து ஒப்புக்கொண்டாள். "திறந்துடுச்சுன்னே நினைச்சேங்க. அழுகையே வந்துடுச்சு. பாவி மனுஷா, என்னமா செஞ்சு வச்சிருக்கீங்க!"

அவர் வேலையை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பிறகு காலைகள் வந்தன. அவர் பெட்டியைத் திறந்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் முழுங்கிவிட்டு, டீ டம்ளரோடு சுவரில் சாய்ந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். மருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இறங்கியதும் தோள்பட்டை தளரும், முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பேச்சு தொடங்கும்.

அப்படியொரு பேச்சை அவர் ஆயுளில் கேட்டதில்லை. துண்டோடு வெளியே மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கூப்பிட்ட வக்கீல் எப்படி நடுங்கினார் என்று நடித்துக் காட்டுவாள். கல்யாணமான புதிதில் அவர் கையின் இரும்பு நாற்றம் குமட்டியதாம். "இப்ப அந்த வாசனை இல்லேன்னா தூக்கம் வரமாட்டேங்குது, என்ன கொடுமை பாருங்க!" என்று அவர் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள், பிறக்காத பிள்ளைக்குத் தான் மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். அவரும் ஒரு பெயர் வைத்திருந்தார், சொன்னார். இருவரும் அழுது, பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

பழக்கம் நம்மைப் பிடிப்பது பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த பிறகு அல்ல, வருவதற்குச் சற்று முன்னால். பெட்டியின் பூட்டு 'க்ளிக்' என்றதுமே, மாத்திரை வாய்க்குப் போகும் முன்பே, சாவியம்மாவின் எலும்புக் குடைச்சல் பாதி இறங்கிவிடும். அவளே இதைச் சொல்லி ஆச்சரியப்பட்டாள். அதே சத்தத்துக்கு அவருக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியதை அவர் சொல்லவில்லை. அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டாலே அவருக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு அதற்கும் முன்னாலேயே விழித்துக் காத்திருக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா அளவை முக்காலாக்கினார், பிறகு அரையாக்கினார். பூட்டுக்காரர் மாத்திரையைச் சுத்தமாக வெட்டுவார். மருந்து குறையக் குறைய வியர்வையும் கொட்டாவியும் வந்தன, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கூடவே பேச்சும் குறைந்தது. வக்கீல் வரவில்லை, வாசனை வரவில்லை. ஒருநாள் அவள் அரை மாத்திரையை முழுங்கிவிட்டு, உட்காராமலேயே துணி மடிக்கப் போய்விட்டாள்.

"என்ன, போற?"

"வேலை கிடக்குதுங்க."

ஒழுங்காகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டிய காலை அது. குணமாகிற உடம்பு அப்படித்தான் கொஞ்ச காலம் சுரத்தில்லாமல் கிடக்கும், பட்டறை திறக்கிற வரைக்கும். டாக்டரம்மா சொல்லியிருந்தார், இவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மடித்த துணிகளைப் பார்த்தபடி தனியாக டீ குடித்தபோது, பழைய எண்ணெய் போட்ட கீல் வாழ்க்கை மறுபடி வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. முன்னே அதில் குறையொன்றும் தெரிந்ததில்லை. இப்போது ஒரு நாள்கூட அதில் இருக்க முடியாது போலிருந்தது.

மறுநாள் கத்தி கொஞ்சம் தள்ளி இறங்கியது. கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். ராவிய ஊசியில் மயிரிழை பிசகாத கை அது.

அவள் டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். "நேத்து ஒருத்தன் வந்தானே, தாடிக்காரன்..." என்று ஆரம்பித்தாள்.

அதன் பிறகு கை தினமும் தவறியது. டாக்டரம்மா எழுதிய சீட்டில் அரை, பெட்டியிலிருந்து வருவது முக்கால். சீட்டில் கால், பெட்டியிலிருந்து முக்காலுக்கும் மேல். அவள் அன்றைக்குக் கொட்டிய அட்டைகள்தான் பெட்டி நிறைய இருந்தனவே. "இந்த அளவுலயே இவ்வளவு தெளிவா இருக்காங்க, ரொம்ப நல்லா வர்றாங்க" என்று டாக்டரம்மா கடைசியில் சீட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டு அக்கா பழக்கூடையோடு வந்தாள். "மாப்பிள்ளை, உங்களுக்குக் கோயில் கட்டணும். என் வீட்டுக்காரரா இருந்தா அவரும் ஒரு மாத்திரை போட்டுட்டுக் கூடப் படுத்திருப்பாரு!" சாவியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா தங்கையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "எப்படிச் சிரிக்குது பாரு, பழைய பிள்ளையாவே ஆயிட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றார்.

மறுநாள் காலை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. சீட்டும் இல்லை, மாத்திரைக்குக் காரணமும் இல்லை. அவள் வழக்கம்போல டீயோடு வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினாள். அவர் பெட்டியைத் திறந்தார்.

அப்படியே போனது, பெட்டியின் அடித்தகடு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். கடைசி அட்டையில் கொஞ்சம்தான் மிச்சம். அது தீர்ந்தால் மருந்து ஒரேயடியாக நின்றுபோகும்; படிப்படியாக இறங்க வேண்டியவள் மாடியிலிருந்து விழுந்த மாதிரி ஆகிவிடும். இப்போதே டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி, முதலிலிருந்து தொடங்கினால் காப்பாற்றிவிடலாம். இன்னும் தாமதித்தால் அவள் மாத்திரைக்காக எந்தக் கதவைத் தட்டுவாளோ! அன்று காலை பெட்டியைத் திறக்காமல் அவர் சொல்லிவிட்டார்.

"சீட்டுல எழுதினதைவிட அதிகமாக் கொடுத்துட்டு வர்றேன். ரொம்ப நாளா."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. பருக்கை அளவு கூடினாலும் என் உடம்பு சொல்லிடாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்களே." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க ஏன் கொடுத்தீங்க?"

"நீ பேசுனே."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"அந்தப் பேச்செல்லாம்... அந்தப் பேரு, அந்த வாசனை... அதெல்லாம் நீ பேசுனதா, மாத்திரை பேசுனதா?"

சாவியம்மா பொய் சொல்லியிருக்கலாம். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலீங்க" என்றாள். "உள்ள கிடந்ததுதான். ஆனா மாத்திரை இல்லாம வெளிய வந்திருக்காது. இனிமே வருமான்னும் தெரியல."

"டாக்டரம்மாகிட்ட போயிடலாம். எல்லாத்தையும் சொல்லிடலாம். பெட்டி அண்ணிகிட்ட இருக்கட்டும்."

"போலாங்க."

"இப்பவே."

"இப்பவேதான். சேலை மாத்திட்டு வர்றேன்." அவள் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வழக்கமான நேரம் தாண்டியிருந்தது.

அவள் மாத்திரை கேட்கவில்லை. இதை அவர் பிற்பாடு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும், அவள் வாயைத் திறந்து கேட்கவே இல்லை.

"அங்க வரிசையில உட்காரணும்" என்றார் அவர். "இன்னிக்கு ஒண்ணைப் போட்டுட்டுக் கிளம்பு. வழியில முடியாமப் போயிடும்."

பூட்டு 'க்ளிக்' என்றது. வெட்டாமல் முழுசாகவே வைத்தார். அவள் முழுங்கிவிட்டு, இறங்குகிற வரைக்கும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

தோள் தளர்ந்தது. "நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்க சித்தப்பா ஒருத்தர் செருப்பைத் தொலைச்சுட்டு என்னா ஆட்டம் ஆடினாரு, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இல்லையே."

"அட, அதுகூடத் தெரியாதா? கேளுங்க..."

டாக்டரம்மா காலையில் மட்டும்தான் ஆட்களைப் பார்ப்பார். கதை நடுவில் சாவியம்மாவின் கண் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. அவருடையதும் போய் வந்தது. இப்போது எழுந்தால்கூடப் போய்ச் சேரலாம்.

"அப்புறம்?" என்றார் அவர்.

அவள் சித்தப்பாவின் குரலில் கத்திக் காட்டினாள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் சிரித்தார்.