புளியமரத்துக்கு நல்ல பிளேடு

ஒரு பிளேடு வாங்க எங்கள் வீட்டுக்காரர் பத்துப் பேரைக் கேட்பார். மரவாடிக்காரரைக் கேட்பார், லேத் பட்டறையில் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் விடமாட்டார். பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் தன் அக்காள் சொன்னது வேதவாக்கு, மறுகேள்வி கிடையாது. எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவருக்குத் திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் வேலை. வீட்டுக்கு வந்தால் கொல்லைக் கொட்டகையில் தானே கட்டிய பேண்ட்சா மெஷின்தான் கதி. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த இரும்புப் பட்டை. அந்தப் பட்டைதான் பிளேடு. அதில் ஸ்டூல், பெஞ்சு என்று அறுத்துச் செய்வார். மரத்தின் மறுமுனையைப் பிடிக்க நான். அடுப்படி வேலை போதாதென்று இது வேறு.

அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் பிடாரி கோயில் புளியமரம் சாய்ந்தது. பேய் பிடித்தது என்று பெண்களைக் கூட்டிப்போய், உச்சி முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்துக் கத்தரித்து விடுவார்களே, அந்த மரம். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. இவர் அடிமரத்தைச் சல்லிசாக வாங்கி வந்தார்.

"பேயாவது ஒண்ணாவது. மரம் கல்லு கணக்கா கீது, பாரு" என்றார்.

வெளியே தெரிந்த ஆணிகளையெல்லாம் குறடு வைத்துப் பிடுங்கிப் போட்டார். மெஷினில் கொடுத்தால், ஒரு சாண் போவதற்குள் பிளேடின் பல் உதிர்ந்துவிட்டது. பிளேடு மட்டமாம். நல்ல பிளேடாக வாங்க வேண்டுமாம்.

அதே சமயம் விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது. எங்கள் மகள் ராஜாமணியை அங்கேதான் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். பேர் வைப்பதற்குள் குழந்தை போய்விட்டது. தீட்டுக் கழித்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினோம். போனவள் வாயே திறக்கவில்லையாம், வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள்.

"பேசவுடாம புட்சிக்கினு கீது" என்றாள் நாத்தனார் வீரம்மாள். "வெள்ளிக்கிழமை பூசாரிய வரச்சொல்றேன். அந்த மரம் இல்லன்னா ஏரிக்கரை மரம். முடிய வச்சி ஆணி அடிச்சுட்டா சரியாப் பூடும்."

இவர் தலையாட்டினார். ராஜாமணியின் நெற்றியில் பூசாரி வேப்பிலையால் அடிப்பதும், முடியைப் பிடித்து இழுப்பதும் என் கண்ணெதிரே வந்து நின்றது. வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

விழுப்புரத்துக்கு இரண்டு பேரும் போனோம். மகளை அழைத்துக்கொண்டு நேராகத் தேவகுமார் நயினாரின் இரும்புக்கடைக்குப் போனார். அவளைக் கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். வைத்த இடத்தில் இருந்தாள்.

"வளைச்சு அறுக்கவா, நேரா அறுக்கவா, பாண்டுரங்கம்?" என்று நயினார் கேட்டார்.

"நேராதாங்க. நல்ல தடிப்புளி."

"அப்ப அகலப் பட்டையா எடுத்துக்கங்க. ஒடுக்கமானது வளைவுக்குத்தான் ஆவும், தடிமரத்துல கோணிக்கும். பல்லும் தள்ளித் தள்ளி இருக்கணும். நெருக்கமா இருந்தா தூளு வெளிய போவ எடமில்லாம சூடேறிப் பூடும்."

இவர் ஒவ்வொன்றாக விரித்தார். இரண்டு முனையையும் ஒட்டு வைத்த இடத்தில் மேடு இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். பற்கள் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் சாய்ந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எடுத்ததையெல்லாம் கழித்துவிட்டுக் கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு ஒடம்புக்கு இன்னா?" என்று நயினார் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. காத்து கருப்பு" என்றார் இவர், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுருட்டிய பிளேடைச் சாக்கில் சுற்றித் திண்டிவனம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதை மாட்டினார். ராஜாமணியைத் தனியே விட மனசில்லாமல் கொட்டகை வாசலில் உட்கார வைத்திருந்தேன். பிளேடு நன்றாகத்தான் அறுத்தது. இவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. பாதி மரம் போனபோது கிறீச்சென்று ஒரு சத்தம், பட்டை அறுந்து கீழே விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு உளியால் அந்த இடத்தைக் கொத்தினார். உள்ளே, மரம் வளர்ந்து மூடின ஒரு ஆணி. அதில் சுற்றின முடி இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"யாருதோ" என்றார்.

"என்னுதாவும் இருக்கலாம்" என்றேன். "இந்த மரத்துலதான எனக்கும் அடிச்சீங்க."

எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பையன். அவனும் பேர் வைக்குமுன் போனவன்தான். நானும் அப்போது பேசாமல் கிடந்தேன். இதே வீரம்மாள்தான் பூசாரியைக் கூட்டி வந்தாள். பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார்கள். ராஜாமணிக்கு அவளுக்கு முன்னால் ஒருவன் இருந்ததே தெரியாது.

"அதுக்கப்பறம் நீ பேசினியே" என்றார்.

"பேசினேன். பேசலன்னா இன்னொரு ஆணி அடிப்பீங்கன்னு பேசினேன். போவணும்னு நீங்க அடிச்சது ஒண்ணும் போவல. என் புள்ள போன துக்கம் அது, இன்னும் இங்கதான் கீது. ஒரு பிளேடுக்கு எத்தினி பேரக் கேட்டீங்க? இவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவனுக்குப் பேரு இன்னா வச்சிருந்தம்மா?"

வாசலில் இருந்து ராஜாமணிதான் கேட்டாள்.

"வெளிய சொல்றதுக்குள்ள பூட்டான். மனசுல பச்சைமுத்துன்னு வச்சிருந்தேன்" என்றேன். அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெற்ற தகப்பனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானும் ஒண்ணு நெனச்சி வச்சிருந்தேம்மா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இவர் எழுந்து போய் அவள் எதிரில், மரத்தூளிலேயே உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"இன்னா பேரும்மா?" என்று கேட்டார்.