குமிழ் சுற்றவில்லை

மறுநாள் காலை என் மனைவியின் இடது தாடையில் அறுவை சிகிச்சை. கட்டியை எடுக்கும்போது நரம்பில் கத்தி படலாம், பட்டால் வாயின் ஒரு பக்கம் அசையாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அம்மாவின் முழுச் சிரிப்பு அவள் நினைவில் நிற்காது. அதைப் படமாக எடுத்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் ஒரு வாரமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

அதற்காகவே இருப்பதில் மலிவான டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினேன். படம் சற்று மங்கல்தான். ஆனால் விழுந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். அதுவே வினையாயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் மனைவி கையை நீட்டினாள்.

"கொடுங்க பாப்போம். கன்னம் பந்து மாதிரி இருக்கு. அழிங்க."

"வீக்கம் தெரியவே இல்ல."

"உங்க கண்ணுக்கு என்னைக்கு எது தெரிஞ்சிருக்கு? அழிங்க."

ஐந்து நாளில் நாற்பது படம். மிஞ்சியதெல்லாம் மகள் தனியாக இருந்தவை.

மச்சானிடம் பழைய பிலிம் கேமராவை இரவல் வாங்கினேன். பார்க்க முடியாததை அழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் விழுந்ததா இல்லையா என்று என்னாலும் பார்க்க முடியாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் நாள். பத்து மணிக்கு வாசலுக்கு வண்டி வரும். மகளை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரை இல்லாத கேமரா என்றதும் அவள் தோள்கள் தளர்ந்தன. மகள் மூக்கைப் பிடித்து இழுக்க, பல் தெரியச் சிரித்தாள். பதினான்கு படங்கள் எடுத்தேன்.

அடுத்ததற்காக, பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளியபோதுதான் கவனித்தேன். கேமராவின் மேலே, மறு ஓரத்தில் இருந்த குமிழ் அசையவில்லை. உள்ளே பிலிம் நகர்ந்தால் அதுவும் கூடவே சுற்ற வேண்டும். தரையை ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி தள்ளினேன். எத்தனை படம் என்று காட்டும் எண் மட்டும் கூடியது.

"என்ன, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றாள்.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் பார்வையை எடுக்கவில்லை.

"ஒண்ணுகூட விழல போல. பிலிம் சரியா மாட்டல."

மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

"திறங்க."

"மாட்டியிருந்தா, எடுத்ததெல்லாம் வெளிச்சம் பட்டுக் கெட்டுடும்."

"மாட்டியிருக்கா?"

"தெரியல."

"அப்புறம் என்ன, திறங்க."

திறந்தேன். பிலிமின் நுனி, அதைச் சுருட்டும் உருளையின் பிளவை விட்டு நழுவிக் கிடந்தது.

"நகருங்க. ஊசியில நூல் கோக்கத் தெரியாத ஆளு நீங்க."

நாள் முழுக்கத் தையல் மெஷினோடு இருப்பவள். நுனியைப் பிளவில் செருகி, ஓரத்து ஓட்டைகள் சக்கரத்தின் பல்லில் பதிகின்றனவா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து மூடினாள். வாசலில் ஹாரன் அடித்தது.

"என்னைப் பாரு" என்றேன்.

"நீங்க தள்ளுங்க. நான் குமிழைப் பாத்துக்கறேன்."

முதல் தள்ளலில் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், "சுத்துது" என்றாள், குமிழிலிருந்து கண்ணை எடுக்காமலே, வாய் இரண்டு பக்கமும் விரிய.

அழுத்தினேன். கை ஆடியது போலிருந்தது. இன்னொன்று எடுப்பதற்குள் அவள் எழுந்து பையை எடுத்துவிட்டாள்.