பின்னோக்கிச் சுழன்ற மரம்

அறுபத்தெட்டில் மழை பொய்த்தது. கம்பைநல்லூர்ப் பக்கம் குப்புராஜ் தன் கிணற்றை ஆழப்படுத்த ஆள் வைத்தார். அடியில் பாறை உடைத்தவன் ஸ்தனிஸ்லாஸ். மேலே அவன் மனைவி லூர்து மேரியும் கூலியாள் மாதுவும் இன்னும் இரண்டு பேரும், தரையில் நட்டிருந்த உருளை மரத்தைச் சுற்றி வந்தார்கள். மரத்திலிருந்து நாலு பக்கமும் நீண்ட தடிகளைத் தள்ளத் தள்ள, கயிறு அதில் சுற்றி, கல் நிறைந்த இரும்புத் தொட்டி மேலேறும்.

காலையிலிருந்தே மரம் முனகிக்கொண்டிருந்தது.

"சத்தம் சரியில்லீங்க. நிறுத்திப் பாத்துரலாங்க" என்றாள் மேரி.

"ஊத்து தட்டுற நேரத்துல அபசகுனமாப் பேசாதம்மா" என்றார் குப்புராஜ்.

அடுத்த தொட்டி பாதிக் கிணறு ஏறியிருக்கும். மாது சறுக்கி விழுந்தான். மற்ற இருவரும் மிரண்டு கையை விட்டார்கள். பாரம் கீழே இழுக்க, மேரியின் பிடியையும் பிடுங்கிக்கொண்டு மரம் பின்னோக்கிச் சுழன்றது.

குப்புராஜ் பாய்ந்து ஒரு தடியின் நுனியைப் பற்றி, வட்டத்துக்கு வெளியே குதிகாலை ஊன்றித் தன் பக்கம் இழுத்தார். மரத்தையே வேரோடு பிடுங்குகிறவர் போல இழுத்தார். வேகம் இம்மியும் குறையவில்லை. அவரைத்தான் புழுதியில் வீசியது. பார்த்துக்கொண்டிருந்த மேரிக்குச் சுரீரென்று உறைத்தது. வெளியே இழுத்துப் புண்ணியமில்லை. தடி வருகிற வழியை மறித்துத் தள்ள வேண்டும்.

தடியோடு சேர்ந்து ஓடினாள். நுனியில் தோளைக் கொடுத்து, முழு உடம்பையும் எதிர்த்துச் சாய்த்தாள். தோளெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"இழுக்காதீங்கடா! எதுத்துத் தள்ளுங்க!"

மாதுவும் மற்றவர்களும் அடுத்த தடிகளில் விழுந்தார்கள். மரம் தயங்கி, நடுங்கி, நின்றது.

கிணற்றுக்குள்ளிருந்து ஸ்தனிஸ்லாஸின் குரல், மெதுவாக:

"தலைக்கு மேலயே தொங்குது மேரி. அசைச்சிராத."

இம்மி இம்மியாகத் தொட்டியை ஏற்றி, அவனை வெளியே எடுத்தார்கள். இனிச் செத்தாலும் அங்கே இறங்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் அரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், கட்டுப்போட்ட தோளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் மேரி. சாலையோரம் குப்புராஜின் காடும் கிணறும் வந்தன. அதே மரம், அதே கயிறு. இண்டூரிலிருந்து வந்த புது ஆட்கள் தடிகளருகே நின்றார்கள். ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"எறங்காதீங்க!" என்று கத்தினாள். பஸ் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அந்த ஆள் கிணற்றுக்குள் காலை வைத்தான்.