காயாத கன்னம்

அக்காவை அசையாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? சின்ன வயதிலிருந்தே தங்கை பென்சிலைக் கையில் எடுத்தால் போதும், நாக்கைத் துருத்துவாள், ஒன்றரைக் கண் போடுவாள். ஐம்பதைத் தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை. அதனால் தங்கை இன்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. மீறினே, படத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

நீர்வண்ணத்தில் முகம் வரைவது அப்படி. போட்டது போட்டதுதான், மேலே பூசி மறைக்க வழியில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பென்சில் கோடு நன்றாக வந்திருந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கன்னத்துக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட்டு உதட்டுக்கு வந்தாள். அக்கா வாயின் இடது ஓரம் பென்சில் கோட்டோடு பொருந்தவில்லை, கீழே இறங்கியிருந்தது.

"ஆரம்பிச்சிட்டியா? வாயைக் கோணாதேக்கா!"

அக்கா நேராக்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. வீம்பு! "உன்னோட மாரடிக்க முடியாது" என்று முணுமுணுத்தபடி, ஒருவேளை தன் கோடுதான் தப்போ என்று, கண்ணுக்குத் தெரிந்தபடியே உதட்டோரத்தைத் தாழ்த்திப் பூசினாள்.

பூசியதைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே போட்டாள். இந்த வாய் அவளுக்குத் தெரியும். பக்கவாதம் வந்து அப்பா கட்டிலில் கிடந்தபோது, புகட்டிய தண்ணீரெல்லாம் வழிந்த வாய்.

"அக்கா! பேசு, ஏதாவது பேசு! விளையாடாதேக்கா, பயமா இருக்கு!"

அக்கா சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது.

தங்கை போனை எடுக்க ஓடினாள். போனில் என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. நல்லவேளை, ஆம்புலன்ஸ் அடுத்த தெருவில்தான் நின்றிருந்தது. அது வரும்வரை அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பேசாதேன்னு சொன்னேனே, பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரெச்சரோடு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கேட்டார். "எப்பலேருந்து இப்படி இருக்காங்க? நேரத்தை வச்சுத்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடலாமான்னு ஆஸ்பத்திரியில முடிவு பண்ணுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

யார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்? தப்பாக எதையாவது சொல்லி அக்காவைக் கொன்றுவிடுவோமோ என்று தங்கை பயந்தாள். சட்டென்று படத்தருகே ஓடினாள். கன்னத்தைப் பூசும்போது வாய் நேராகத்தான் இருந்தது. விரலைப் படத்தின் கன்னத்தில் வைத்தாள். சிவப்பு விரலில் ஒட்டியது.

"இன்னும் காயல!" விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதைப் பூசறப்போ எங்கக்கா நல்லாத்தான் இருந்தா. மழைநாள்ல இது காய அரை மணி ஆகும், அரை மணிகூட ஆகல. காயறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடுங்கய்யா!"