விற்றதற்குப் போட்ட பூட்டு

அத்தான் போனை வைத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றேன்.

"அந்தக் குளிர்கிடங்கு இன்ஜினியரம்மா. சோர்ஸ் கோடு வேணுமாம். சட்டை வாங்கினவ தையல் மிஷினையும் கேக்குறா!"

அத்தான் என் அக்காவின் கணவர். எனக்கு முதலாளியும் அவர்தான். இரண்டும் ஒரே ஆளாக வாய்த்தால் என்ன பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் விற்பது ஒரே ஒரு மென்பொருள். குளிர்கிடங்குகளில் குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்தால் அது அலாரத்தை அடிக்க வைக்கும். அதன் அடிப்படை நிரல், அதாவது சோர்ஸ் கோடு, நாங்கள் எழுதியதல்ல. யார் யாரோ எழுதி, ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸில் எல்லாருக்கும் விட்டது. அத்தான் அதற்கு அழகாக ஒரு திரை செய்து, மேலே எங்கள் பெயரைப் போட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"கேட்டா கொடுத்துதான் ஆகணும், அத்தான்."

"எதுக்குக் கொடுக்கணும்? ஓப்பன் சோர்ஸுன்னா சும்மா கொடுக்கிறது. நாம காசுக்கு வித்துட்டோம். வித்த பிறகு அது எப்படி ஓப்பன் சோர்ஸ் ஆகும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். "என்ன விலைக்கு வேணாலும் விக்கலாம், லைசன்ஸ் அதைத் தடுக்கவே இல்ல. ஆனா வாங்கினவங்க கேட்டா சோர்ஸைக் கொடுக்கணும். ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுக்கச் சொல்லல, வாங்கினவங்களுக்கு."

"அவ அதை நாலு பேருக்கு வித்துட்டா?"

"விக்கட்டுமே. நமக்கும் அதே உரிமையைத்தானே யாரோ கொடுத்தாங்க? யானையை வித்துட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டாதீங்க."

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அவங்களுக்கு எதுக்காம் சோர்ஸ்?" என்று கேட்டேன்.

"திரை அப்பப்ப அசையாம நின்னு போகுதாம். அந்த நேரத்துல சோதிச்சா அலாரம் அடிக்கலையாம். இன்டர்நெட் சரியிருக்காது, விடு." சட்டென்று எழுந்து, வெளியே வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தெருவில் கேபிள் மாற்றுகிறார்கள் என்று காலையிலேயே மின்சாரம் போயிருந்தது. மற்ற ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே எங்கள் சர்வருக்கான பேட்டரி மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. வாயுவை உணரும் கருவி கிடங்கில் இருக்கிறது. அலாரமும் அதே கிடங்கில் இருக்கிறது. நடுவில் இன்டர்நெட்டுக்கு என்ன வேலை?

என் மடிக்கணினியில் இன்னும் சார்ஜ் இருந்தது. சோர்ஸைத் திறந்தேன். அத்தான் தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்த பகுதி கடைசியில் இருந்தது. விற்கிற பொருளென்றால் பூட்டு வேண்டும், இல்லாவிட்டால் எவனும் காசு கொடுக்க மாட்டான் என்று அடிக்கடி சொல்வார். சொன்னபடியே செய்து வைத்திருக்கிறார். மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் சர்வரைக் கூப்பிட்டு, இவர்கள் பணம் கட்டியவர்கள்தானா என்று கேட்கும். பதில் வரும்வரை வேறெதையும் பார்க்காமல் காத்திருக்கும்.

பதில் சொல்ல வேண்டிய சர்வர் மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தது.

அந்தக் கிடங்கில்தான் என் தம்பி வேலை பார்க்கிறான். அத்தானே பேசி வாங்கிக் கொடுத்த வேலை. அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போகிறவர்கள் போனை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். நாசமாய்ப் போன விதி!

இன்ஜினியரம்மாவைக் கூப்பிட்டேன்.

"இப்ப என்ன? சோர்ஸ் தர மாட்டோம்னு உங்க முதலாளி சொல்லிட்டாரே."

"நான் தர்றேம்மா. முதல்ல உள்ள இருக்கிற எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. அலாரம் வேலை செய்யல."

"என்ன சொல்றீங்க? திரை முன்னாலதான் நிக்கிறேன். எல்லாம் பச்சையாத்தானே காட்டுது?"

"அது நின்னு போறதுக்கு முன்னால பாத்த பச்சை. இப்ப அது எதையும் பாக்கல. கூப்பிடுங்கம்மா, தயவு செஞ்சு!"

அவர் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமினார். போன் எங்கோ விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

அமோனியா கசிந்து, உள்ளே இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகத் தகவல் வந்தது. இன்ஜினியரம்மா கேட்ட சோர்ஸை ஒரு வரி விடாமல், என் போன் இணையத்திலேயே அவர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓடினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கிடந்தான். கண் இரண்டிலும் கட்டு, வாயில் குழாய். அக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "என் ராசா, என் ராசா" என்று முனகிக்கொண்டிருந்தாள். இரவு தாண்டட்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தான் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"விசாரணைக்காரங்க நாளைக்கு வந்து நிப்பாங்க, சோர்ஸைக் கேப்பாங்க" என்று கிசுகிசுத்தார். "நீ சொன்ன மாதிரியே கொடுத்துடலாம். அந்தப் பூட்டை மட்டும் எடுத்துட்டுக் கொடு. நமக்குள்ளேயே இருக்கட்டும்."

அவர் தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அருவருப்பாக இருந்தது.

"அனுப்பியாச்சு, அத்தான். பூட்டோடதான் அனுப்பினேன்."

அவர் கை என் முழங்கையை விட்டது. முனகல் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல.

"என்ன பூட்டுங்க?" என்று கேட்டாள்.