அங்கவடியும் தளப்பும்

அப்பாவின் தொழில் என்று கேட்கும் கட்டத்தில் நான் எப்போதும் 'விவசாயம்' என்றுதான் தட்டச்சு செய்வேன். வருபவர்களிடம் கேட்பதுகூட இல்லை. பாறசாலை தபாலாபீசுக்குப் பக்கத்துக் கடையில் பதினொரு வருடமாக மேசை போட்டுக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். கொல்லயில்காரரோ அம்பூரிக்காரரோ, அப்பன் பனையேறி என்றால் மகனுடைய தாளில் அவர் விவசாயி. இது நான் உண்டாக்கிய வழக்கம் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் அப்படித்தான் எழுதினார். என் அப்பாவும் பனையேறிதான்.

1996 ஜூன் மாதம் கொல்லயிலில் இருந்து ஜெயதாஸ் வந்தான். பஹ்ரைனில் ஒரு குதிரை லாயத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். அங்கே சவாரி சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்கார அம்மாளை அவன் 'மதாம்' என்பான். அந்த மதாம் சொந்த ஊருக்குத் திரும்பி, தானே ஒரு லாயம் வைத்து, இவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. லாயத்தில் பல நாட்டு ஆட்கள் இருப்பதால், குதிரைச் சாமான்களின் பெயரை இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் பொருளோடு எழுதி அனுப்ப வேண்டும்.

"பத்து வார்த்தையாக்கும் அக்கா. இது கிட்டினா நான் போவேன். இல்லெங்கி அம்பூரியில ரப்பர் வெட்டப் போணும்."

நான் வேலையை முறைப்படி தொடங்கினேன். நூலகத்தில் இருந்து பெரிய இங்கிலீஷ் அகராதி வாங்கினேன். பிரான்சில் மடத்தில் ஒன்பது வருடம் இருந்த ப்ளோரன்ஸ் சிஸ்டரிடம் பிரெஞ்சு அகராதியும், உச்சரிப்பும். தாளில் நான்கு பத்தி வரைந்தேன்: சொல், பொருள், வந்த வழி, பிரெஞ்சு. 'வந்த வழி'யை மதாம் கேட்கவில்லை. அகராதியில் இருப்பதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜெயதாஸ் முக்காலியில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"சேடில். சேணம். உட்காருவது என்ற சொல்லின் உறவு. பிரெஞ்சில் செல்."

"சரி."

"பிட். குதிரை வாயில் போடும் இரும்பு. கடிப்பது என்ற சொல்லில் இருந்து வந்தது."

"கடிச்சதுக்க அடையாளம் எனக்கக் கையிலயே உண்டு," என்று பெருவிரலைக் காட்டினான். "பிரெஞ்சில?"

"மோர்."

"குதிரைக்கு மோரா? நல்ல கூத்து."

"க்ரூம். குதிரையைப் பார்த்துக்கொள்பவன். பழைய பொருள், பையன். வந்த வழி தெரியவில்லை என்று போட்டிருக்கு."

அவன் முகம் மாறியது. "முப்பத்தாறு வயசில பையனா? வந்த வழியும் தெரியாதா? அகராதி எழுதினவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிரெஞ்சில என்ன?"

"பாலஃப்ரெனியே. சவாரிக் குதிரைக்கு ஒரு பழைய பெயர் உண்டாம். அதில் இருந்து வந்தது."

"அதில பையன் இல்லியே? அதைப் பெரிசா அடியுங்க."

ஏழாவது சொல் ஸ்டிரப். அங்கவடி. சவாரி செய்பவர் கால் வைக்கும் இரும்பு வளையம். பிரெஞ்சில் எத்ரியே. வந்த வழியை வாசித்தேன்: "பழைய இங்கிலீஷில் ஏறுவதற்கு ஒரு சொல், கயிற்றுக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து, ஏறுகயிறு."

"இன்னொருக்க வாசியுங்க."

வாசித்தேன். அவன் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, ஒரு பிளாஸ்டிக் பையைத் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே கவிழ்த்தான். விழுந்தது அவனுடைய அப்பா பாலையனின் தளப்பு. பனையேறுகிறவர்கள் இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் கயிற்று வளையம். வியர்வையில் கறுத்து, தோல்போல் ஆகியிருந்தது.

"பின்ன இது என்னது? ஏறுகயிறு இல்லியா?"

"அதுக்கு இதை எதுக்குடே மேசையில போடுதே? நாடா அழுக்காகும்."

"கேளுங்க அக்கா. முதல் நாளு மதாம் ஒரு அளவு சொல்லித் தந்தா. விரல் நுனியைச் சேணத்துக்க வாரு தொடங்குத இடத்தில வச்சு, வளையத்தை இழுத்தா கக்கத்தில வந்து முட்டணும். அதாக்கும் ஒருத்தருக்க அளவு. ஒருத்தருக்க அளவில இன்னொருத்தர் ஏறப்பிடாது. மத்தவனுவ மறந்துபோவானுவ. நான் மறக்கல்ல. அப்பனுக்கத் தளப்பை நான் மாட்டினா வழுக்கும், எனக்கதை அவரு தொடமாட்டாரு. ஆறு வயசில படிச்சதாக்கும் அது. வாற ஆளுகளுக்கெல்லாம் அளவு வைக்கிற வேலையை மதாம் எனக்கிட்டதான் விட்டா. அதையும் எழுதுங்க. பாலையனுக்கிட்ட படிச்சது, அவரு பனையேறின்னு."

நான் நிக்கோலஸின் படிவத்தை எடுத்துக் காட்டினேன். நிக்கோலஸ் நெய்யாற்றின்கரையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட். காகிதமெல்லாம் அவர் மூலமாகத்தான் போக வேண்டும். அப்பாவின் தொழில் கட்டத்தில் நான் ஏற்கெனவே 'விவசாயம்' அடித்திருந்தேன்.

"யாரு சொல்லி அடிச்சீங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கிறது."

"எனக்க அப்பனுக்கு ஒரு சென்ட் வயலு உண்டா?"

"இல்ல."

"பின்ன எங்க விவசாயம் பண்ணினாரு, வானத்திலயா?"

"பனை உச்சின்னா வானம் மாதிரிதானே," என்று சிரித்துப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. பட்டியலில் அங்கவடிக்குக் கீழே அவன் சொன்ன தளப்பு வரியைச் சேர்த்தேன். படிவத்தை வேறு தாளில் முழுவதும் திரும்ப அடித்தேன். பனையேறி. அந்த ஒரு சொல்லை அடிக்கும்போது, யாராவது வருகிறார்களா என்று கடை வாசலைப் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தது எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் பட்டியலைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல நானும் அவனோடு நெய்யாற்றின்கரைக்குப் போனேன். நிக்கோலஸ் தாளைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார். தொழிலை வெட்டினார். தளப்பைப் பற்றிய வரியை முதலில் இருந்து கடைசி வரை வெட்டினார்.

"எலே ஜெயதாசே, நீ போறது குதிரை லாயத்துக்கா பனங்காட்டுக்கா? இதைப் படிச்சா வெள்ளக்காரன் ஒன்னைக் குதிரையில ஏத்தமாட்டான், பனையிலதான் ஏத்துவான்."

"ஏறுவேன். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

"ஒனக்க நல்லதுக்குச் சொல்லுதேன் மக்கா. விவசாயின்னா ஒரு மதிப்பு உண்டு."

"அண்ணனுக்க அப்பா கடலுக்குப் போனவருதானே. அதை எங்க எழுதி வச்சிருக்கிய?"

நிக்கோலஸ் பேனாவை மூடினார். "இந்தத் தாளு எனக்க ஆபீசு வழி போவாது. மாத்தி அடிச்சுக் கொண்டாந்தா பாக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "ரத்னபாய், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லப்பிடாதா? உங்களுக்குத் தெரியாத வழக்கமா?"

அவர் சொன்னது சரிதான். எனக்கு நன்றாகத் தெரிந்த வழக்கம். "அடிச்சது நான்," என்றேன். "அதில தப்பு ஒண்ணும் இல்ல." என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயதாஸ் மேசையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். வேலை போய்விட்டது என்று நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னான்: "மதாமுக்க அட்ரஸ் கவரில உண்டு. நேரா அனுப்புங்க."

நிக்கோலஸின் படிவத்தை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் புதிதாக அடித்தேன். தளப்பு வரியோடு. கார்பன் நகலுக்கு எண் போட்டேன். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். ஏழு வாரம் பதில் இல்லை. ஜெயதாஸ் அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான். கடைக்கு எதிரே பஸ் ஏறும்போது என்னைப் பார்த்தால், கையை மட்டும் விரித்துக் காட்டுவான்.

எட்டாவது வாரம் கவர் வந்தது. மதாம் சில வரிதான் எழுதியிருந்தாள். பட்டியலைச் சேணம் வைக்கும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறாள். அக்டோபரில் இருந்து மூன்று மாதம் வேலை, பிடித்துப்போனால் மேற்கொண்டு. கூட இருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு பக்கப் படிவம், எல்லாம் பிரெஞ்சு. அகராதியை வைத்து ஒரு மணி நேரம் வரிவரியாகப் பார்த்தேன். பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட், ரத்த வகை, உடம்பின் எடைகூடக் கேட்டிருந்தார்கள். அப்பாவின் தொழிலைக் கேட்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், மறுபடியும் முதலில் இருந்து பார்த்தேன். இல்லை. அந்தக் கட்டம் நெய்யாற்றின்கரைப் படிவத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

"இதுக்காடே அங்க போய் அவ்வளவு சண்டை போட்டோம்?" என்றேன். "அவிய கேக்கவே இல்ல. நிம்மதி."

ஜெயதாஸ் தாளை வாங்கிப் பார்த்தான். கடைசிக் கட்டத்துக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது.

"இங்க ஒரு கட்டம் வரையுங்க அக்கா."

"கேக்காத்ததை என்னத்துக்கு எழுதணும்?"

"வந்த வழின்னு ஒரு பத்தி போட்டீங்களே, அதை அவிய கேட்டாங்களா?"

அடிக்கோலை எடுத்து, மற்றக் கட்டங்களின் அளவிலேயே ஒன்று வரைந்தேன். ஏறுகிறவருக்குப் பிரெஞ்சில் க்ரேம்பேர். அகராதியில் கண்டுபிடித்து, அப்பா பாலையன், பனைமரம் ஏறுபவர் என்று அடித்தேன். இந்த முறை நான் வாசலைப் பார்க்கவில்லை. அவன் பெருவிரலால் எழுத்தைத் தொடப்போனான். "மை காயட்டும்," என்று தடுத்தேன்.

அவன் தபாலாபீசுக்குள் போனதும் அடுத்த ஆள் முக்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் படிப்புக்கு மனு எழுத வந்த சுஜி. அப்பாவின் தொழில் கட்டத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு என்ன தொழில்?"

அவள் பக்கத்துக் கடையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "விவசாயம்னு போடுங்க அக்கா."

"வயலு எங்க இருக்கு?" என்றேன்.